ஆறரைக்கும் ஒன்பதுக்கும் நடுவே

சிதம்பரம்
மார்கழி முதல் வாரம்

அன்புள்ள மகளே,

நீ எழுதிய நாலு பக்கமும் வந்து சேர்ந்தது. நேற்று உன் அம்மா கூடையை இறக்கி வைத்துவிட்டு, மடியிலிருந்து எடுத்துக் கொடுத்தாள். "டீச்சர், 26-ஆம் தேதி கரையில பேசப் போறாளாம். பார்த்துத் திருத்திக் குடுங்க" என்றாள். தாளில் லேசாக நெத்திலி வாசனை. கையெழுத்து அப்படியே உன் அம்மாவுடையது.

திருத்திவிட்டேன். எழுத்துப் பிழை இரண்டே இரண்டு. ஆனால் மூன்றாம் பக்கத்தில் ஒரு வரியைச் சிவப்பு மையில் முழுதாக அடித்திருக்கிறேன். பார்த்து மனம் வாடிவிடாதே. ஏன் அடித்தேன் என்று சொல்லத்தான் இந்தக் கடிதம். "சுனாமி வருவதற்கு முன் கடல் உள்வாங்கும். உள்வாங்குவதைக் கண்டதும் ஓட வேண்டும்" என்று எழுதியிருக்கிறாய். கண்டதும் ஓட வேண்டும் என்பது சரி. ஆனால் கடல் உள்வாங்கித்தான் வரும் என்று நம் கரைப் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுத்தால், அது ஆளைக் கொன்றுவிடும்.

முதலில் அந்தக் காலையைச் சொல்கிறேன். உன் அம்மா அதைப் பற்றி வீட்டில் பேசுவதில்லை என்று எனக்குத் தெரியும்.

2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை, மார்கழிப் பௌர்ணமி. நடராசர் கோயிலில் திருவாதிரைத் திருவிழா நடந்துகொண்டிருந்த நேரம், தெருவெல்லாம் வெளியூர்க் கூட்டம். நான் வாசலில் கோலம் போட்டு முடித்து, சாணி உருண்டையில் பரங்கிப்பூ செருகிக்கொண்டிருந்தேன். மணி ஆறரை இருக்கும். தலை சுற்றுவது போல ஒரு கணம். பக்கத்தில் இருந்த பித்தளைக் குடத்தைப் பார்த்தால் தண்ணீரில் வளையம் வளையமாக அசைவு. உடனே நிற்கவில்லை, போய்க்கொண்டே இருந்தது. எதிர்வீட்டம்மாவும் கோலமாவுக் கிண்ணத்தோடு எழுந்து நின்று, "உங்களுக்கும் ஆடினாப்ல இருந்துச்சா?" என்று கேட்டார். நாலைந்து பேர் தெருவில் நின்று பேசினோம். பிறகு அவரவர் உள்ளே போய்விட்டோம். நான் பொங்கலுக்கு அரிசி களைந்தேன்.

பதினெட்டு வருடமாகப் பத்தாம் வகுப்புக்குப் புவித்தட்டுப் பாடம் நடத்தியவள் நான். கரும்பலகையில் தட்டுகளை வரைந்து, அம்புக்குறி போட்டு, பசிபிக் கடலைச் சுற்றிய நெருப்பு வளையத்தைப் பிள்ளைகளை மனப்பாடம் செய்ய வைத்தவள். அந்தப் பாடத்துக்கும் என் குடத்துத் தண்ணீருக்கும் சம்பந்தம் உண்டு என்று அன்று எனக்குத் தோன்றவே இல்லை.

ஜனவரியில் பள்ளி திறந்தது. வருகைப் பதிவேட்டைப் படித்தபோது மூன்று பெயருக்குப் பதில் வரவில்லை. உன் அம்மா மூன்றாவது பெஞ்சில், யாரோ கொடுத்த பெரிய பாவாடை சட்டையில், நோட்டுப் புத்தகம் இல்லாமல் உட்கார்ந்திருந்தாள். நான் பாடம் எடுக்கவில்லை, அன்று நடந்ததைப் பற்றித்தான் பேசிக்கொண்டிருந்தேன். அவள் எழுந்து கேட்டாள்: "டீச்சர், பூமி ஆடுனது ஆறரைக்குத்தானே? தண்ணி வந்தது ஒன்பது மணி வாக்குலதானே? நடுவுல ஏன் யாரும் சொல்லல?"

எனக்குத் தெரிந்து இந்த விஷயத்தில் இதைவிடப் பெரிய கேள்வி கிடையாது. உன் பேச்சை இந்தக் கேள்வியில் தொடங்கு. "அன்பார்ந்த பெரியோர்களே" எல்லாம் அப்புறம்.

சரி, ஆறரைக்கு என்ன ஆடியது? நாம் இருக்கும் தரை ஒரே இடத்தில் நிற்பதில்லை. இந்தியத் தட்டு வருடத்துக்குச் சுமார் 5 சென்டிமீட்டர் வடகிழக்கே நகர்கிறது. உனக்கு வயது பதினாறு. நீ பிறந்ததிலிருந்து பரங்கிப்பேட்டையும் பிச்சாவரமும் கடலூரும் சிதம்பரமும் சேர்ந்து ஏறக்குறைய இரண்டு முழம் தள்ளிப் போயிருக்கின்றன. பூ அளக்கிற முழம்தான். தட்டுகள் "கொதிக்கும் குழம்பின் மேல் மிதக்கின்றன" என்று நீ எழுதியிருப்பதையும் மாற்றிவிடு. அடியில் இருப்பது திடமான பாறை. கடும் சூட்டிலும் அழுத்தத்திலும் லட்சக்கணக்கான ஆண்டுக் கணக்கில் மெல்ல மெல்ல இளகி நகர்கிறது, அவ்வளவே.

நகரும் இந்தத் தட்டு, அந்தமான் நிக்கோபார் தீவுகளுக்கும் சுமத்ராவுக்கும் மேற்கே கடலடியில் ஒரு நீண்ட பள்ளத்தில், பக்கத்துத் தட்டுக்கு அடியில் நுழைகிறது. வழுக்கிக்கொண்டு போகிற நுழைவு அல்ல. பாறையும் பாறையும் கவ்விக்கொள்கின்றன. கரையில் பெரிய படகைத் தள்ளுவதைத் தினமும் பார்க்கிறவள் நீ. பத்துப் பேர் தோள் கொடுத்துத் தம் பிடிப்பார்கள், படகு அசையாது. இன்னும் தள்ளுவார்கள், அசையாது. திடீரென்று சர்ரென்று நாலடி போய்விடும். நிலநடுக்கமும் அதுதான். நூற்றுக்கணக்கான ஆண்டுகள் தள்ளி, சில நிமிடத்தில் நகர்வது. அன்று இந்திய நேரம் காலை 6 மணி 29 நிமிடத்துக்குச் சுமத்ராவின் மேற்குக் கரைக்கு அப்பால் பிடி விட்டது. விட்ட இடத்தில் நிற்காமல் வடக்கே கிழித்துக்கொண்டே அந்தமான் வரை 1,200 கிலோமீட்டருக்கும் மேல் போனது. எட்டிலிருந்து பத்து நிமிடம் பிடித்தது. அளவு 9.1. என் குடம் இரண்டாயிரம் கிலோமீட்டருக்கு இப்பால் ஆடியது அதனால்தான். மகளே, ஆட்டம் மெல்லியதாக இருந்தாலும் நிற்காமல் நீண்டால், தூரத்தில் ஏதோ மிகப் பெரிதாக நடந்திருக்கிறது என்று பொருள். எவ்வளவு பலமாக ஆடியது என்பதைவிட எவ்வளவு நேரம் ஆடியது என்று பார்க்கச் சொல்.

இனி நான் சிவப்பில் அடித்த அந்த வரிக்கு வருகிறேன். பச்சைப் பனைமட்டையின் ஒரு நுனியை அழுத்திப் பிடித்தால் நுனி கீழே போகும், நடு மேலே புடைக்கும். விட்டால் நுனி துள்ளி எழும், புடைத்த இடம் தணியும். மேலே இருந்த தட்டின் ஓரம் அப்படித்தான் பல நூற்றாண்டாகக் கீழே இழுபட்டு வளைந்திருந்தது. பிடி விட்டதும் மேற்கு ஓரம் எழுந்தது, அதற்குப் பின்னால் கிழக்குப் பக்கம் தாழ்ந்தது. கடல் தரை எழுந்தால் மேலே நிற்கிற தண்ணீர் முழுவதும் எழும், தாழ்ந்தால் முழுவதும் தாழும். ஆகவே கிழக்கே தாய்லாந்துக்கு முதலில் போனது பள்ளம். அங்கே கடல் உள்வாங்கியது. மேற்கே நம்மை நோக்கி முதலில் வந்தது மேடு. சென்னைத் துறைமுகத்தின் கடல்மட்டக் கருவி முதலில் பதிந்தது ஏற்றத்தைத்தான். இங்கே கடல் வற்றியது ஓர் அலைக்கும் அடுத்த அலைக்கும் இடையில். வற்றிய தரையை வேடிக்கை பார்க்கவும், பொருளை எடுக்கவும் இறங்கியவர்களை அடுத்த அலை கொண்டுபோனது.

நீ எழுதிய வரி தாய்லாந்துக் கரையின் வரி. புகெட் தீவில் டில்லி ஸ்மித் என்ற பத்து வயது இங்கிலாந்துப் பெண், இரண்டு வாரத்துக்கு முன் பூகோள வகுப்பில் படித்ததை நினைவில் வைத்து, கடல் மாறுவதைக் கண்டு பெற்றோரிடம் கத்தி, ஏறத்தாழ நூறு பேரைக் கரையேற்றினாளே, அந்தக் கதை உலகம் முழுக்கப் போய்விட்டது. நல்ல கதைதான், சொல். ஆனால் கடல் உள்வாங்கட்டும் என்று நம் பிள்ளைகள் காத்து நிற்கக் கூடாது. அந்தமான் பள்ளத்திலிருந்து நமக்கு வரும் அலை, முன்னறிவிப்பு இல்லாமல் நேராக மேடாகவே வரலாம் என்பதைச் சேர்த்துச் சொல்.

அலை எப்படி வந்தது என்பதையும் ஒரு தடவை விளக்கு. இதில் நம் ஊர்க் கதையே இருக்கிறது. ஆழ்கடலில் அது மணிக்கு அறுநூறு எழுநூறு கிலோமீட்டர் வேகத்தில் போகும், ஆனால் உயரம் ஒரு மீட்டர்கூட இருக்காது. இரண்டு மணி நேரம் கழித்து மேலே பறந்த ஜேசன் செயற்கைக்கோள் அளந்தபோது நடுக்கடலில் அறுபது சென்டிமீட்டர் அளவுதான். அகலமோ நூற்றுக்கணக்கான கிலோமீட்டர். கரை நெருங்க நெருங்க ஆழம் குறையும், முன்பக்கம் வேகம் தளரும், பின்பக்கம் அதே வேகத்தில் வந்து மேலேறும். தேர் முக்குத் திரும்பும்போது முன்னால் போகிறவர்கள் நின்றுவிட, பின்னால் வரும் கூட்டம் நெருக்கி அவர்கள் மேல் சாயுமே, அந்த மாதிரி. அதனால்தான் அன்று ஆழத்தில் வலை விட்டிருந்த ஆண்களுக்கு ஒன்றும் தெரியவில்லை. படகுக்கு அடியில் அலை கடந்து போனது. கரை திரும்பிய பிறகுதான் குப்பம் இல்லை என்று கண்டார்கள்.

கரையில் நின்றது யார்? பெண்கள். படகு வரும் நேரம், மீன் பிரிக்கவும் ஏலம் எடுக்கவும் கூடையோடு காத்திருந்தவர்கள். கடலூர் மாவட்டத்தில் 610 பேர் போனார்கள். 2005 மார்ச்சில் ஆக்ஸ்ஃபாம் வெளியிட்ட குறிப்பில் அதுவரை கிடைத்த கணக்கு இருக்கிறது: பெண்கள் 391, ஆண்கள் 146. பச்சையாங்குப்பத்தில் இறந்தவர்கள் எல்லோருமே பெண்கள். கடல் ஆண், பெண் பார்க்காது. ஆனால் எந்த நேரத்தில் யார் எங்கே நிற்க வேண்டும், யாருக்கு நீந்தவும் மரம் ஏறவும் சொல்லிக் கொடுக்க வேண்டும், யார் இடுப்பில் குழந்தை இருக்கும் என்பதையெல்லாம் நாம்தான் முடிவு செய்து வைத்திருந்தோம். சேலை முள்ளில் மாட்டியது, பின்னல் அவிழ்ந்து சிக்கியது, இரண்டு கையிலும் பிள்ளைகள். உன் பேச்சில் இது இல்லை. ஒரு பெண்பிள்ளை மேடை ஏறி இதைச் சொல்லாவிட்டால் வேறு யார் சொல்வார்கள்? உன் தங்கைக்கு நீச்சல் தெரியுமா? வெள்ளாற்றங்கரையில் பிறந்த பெண்ணுக்கு நீச்சல் தெரியவில்லை என்பதைச் சாதாரணமாக எடுத்துக்கொள்ள இனிமேல் யாருக்கும் உரிமை இல்லை.

இப்போது உன் அம்மாவின் கேள்வி. இரண்டரை மணி நேரம் இருந்ததே, ஏன் யாரும் சொல்லவில்லை?

பசிபிக் கடலுக்கு 1949-லிருந்து எச்சரிக்கை மையம் இருந்தது. இந்தியப் பெருங்கடலுக்கு இல்லை. இங்கே சுனாமி வராது என்று எல்லோரும் நினைத்தார்கள். வந்திருக்கிறது என்பதற்குச் சாட்சியோ பக்கத்திலேயே இருந்தது. 1881 டிசம்பர் 31-இல் கார் நிக்கோபார் அருகே பெரிய நிலநடுக்கம். அந்த அலையை நாகப்பட்டினத்துக் கடல்மட்டக் கருவி பதிந்து வைத்தது. 1883 ஆகஸ்டில் கிரகடோவா எரிமலை வெடித்தபோது எழுந்த அலையும் இந்தக் கரையின் கருவிகளில் பதிவானது. இரண்டும் இங்கே சிறிய அலைகள். அதனால் பதிவேட்டிலேயே தங்கிவிட்டன, எந்தக் குப்பத்துக்கும் வந்து சேரவில்லை. 'கடல்கோள்' என்ற சொல் நம்மிடம் பழங்காலம் தொட்டு உண்டு. அதை நாம் புலவர் வகுப்பில் வைத்துப் பூட்டிவிட்டோம்.

சுமத்ராவுக்கு மேற்கே சிமெலுவே என்று ஒரு தீவு. நிலநடுக்கம் தொடங்கிய இடத்துக்கு வெகு அருகே. அலை அங்கே பத்து நிமிடத்துக்குள் வந்தது. கருவி இல்லை, சைரன் இல்லை. 1907-இல் அங்கே ஒரு சுனாமி வந்து ஏராளமானோர் இறந்தார்கள். பிழைத்தவர்கள் அதற்கு 'ஸ்மோங்' என்று பேர் வைத்து, தாலாட்டிலும் கதையிலும் பேரப்பிள்ளைகளுக்குச் சொல்லி வைத்தார்கள்: நிலம் பலமாக ஆடினால் மலைக்கு ஓடு. 2004-இல் அந்தத் தீவில் ஏறத்தாழ 78,000 பேர். இறந்தவர்கள் ஏழு பேர். அவர்களுக்குக் கிடைத்தது பத்து நிமிடம். நமக்குக் கிடைத்தது இரண்டரை மணி நேரம். மகளே, இந்த இரண்டையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்துப் பேசு. வேறு எதையும் நீ அழுத்திச் சொல்ல வேண்டியதில்லை.

இன்று நிலைமை மாறியிருக்கிறது. 2007 அக்டோபரிலிருந்து ஐதராபாத்தில் இந்தியத் தேசியக் கடல்சார் தகவல் சேவை மையம் இரவு பகலாகப் பார்த்துக்கொண்டிருக்கிறது. கடலடியில் அழுத்தமானிகள் கிடக்கின்றன. நிலநடுக்கம் நடந்த சுமார் பத்து நிமிடத்தில் முதல் அறிவிப்பு வந்துவிடும். 2012 ஏப்ரல் 11 மதியம் சுமத்ராவுக்கு அப்பால் 8.6 அளவில் நடுங்கியதே, அன்று இந்தக் கரை முழுக்க வீட்டைப் பூட்டிக்கொண்டு ஓடியது. பெரிய அலை வரவில்லை. அன்று பாறைகள் பக்கவாட்டில் உரசி நகர்ந்தன, கடல் தரை பெரிதாக எழவில்லை, அதனால் தண்ணீரும் பெரிதாக எழவில்லை. "சும்மா ஓட விட்டானுங்க" என்று அப்போது பேசியவர்கள் உண்டு. உன் குப்பத்திலும் இருப்பார்கள். அவர்களிடம் கோபப்படாதே. ஓடித் திரும்பி வந்து அலுத்துக்கொள்வதற்கு ஆள் உயிரோடு இருக்க வேண்டும் என்று மட்டும் சொல்.

நம் காலடியிலேயே நடுக்கம் வருமா என்று நீ கேட்டிருக்கிறாய். வரும், சிறிதாக. 2001 செப்டம்பர் 25 இரவு புதுச்சேரிக்கு அப்பால் கடலடியில் 5.5 அளவில் ஒன்று வந்தது. அன்று உன் தாத்தா பாட்டி காலத்து ஆட்கள் தெருவில் படுத்தார்கள். நாம் தட்டின் ஓரத்தில் இல்லை, உள்ளே இருக்கிறோம். ஆனால் சுமார் பதின்மூன்று கோடி ஆண்டுகளுக்கு முன் இந்தக் கீழைக்கரை அண்டார்டிகாவை விட்டுக் கிழிந்து பிரிந்தது. அந்தக் கிழிசலில் இறங்கிய நிலத்தின் மேல்தான் காவிரிப் படுகையின் வண்டல் குவிந்திருக்கிறது. பழைய விரிசல்கள் அடியில் அப்படியே உள்ளன, எப்போதாவது அசைகின்றன. 2004-இல் வெளிப்பட்ட ஆற்றல் அந்த 5.5-ஐப் போல இரண்டு லட்சம் மடங்குக்கும் மேல். ஆகவே பயப்பட வேண்டாம், மறந்துவிடவும் வேண்டாம்.

எரிமலை பற்றி ஒரு பத்தி வைத்திருக்கிறாய், அதில் ஒரே ஒரு திருத்தம். நுழையும் தட்டு உருகி எரிமலையாக வருகிறது என்று எழுதியிருக்கிறாய். உண்மையில், கடலில் நனைந்த தட்டு ஆழத்துக்குப் போகும்போது தன்னிடம் உள்ள நீரை வெளியே விடுகிறது. அந்த நீர் மேலே இருக்கும் பாறையில் கலந்து, அது உருகும் வெப்பநிலையைத் தாழ்த்திவிடுகிறது. மீன் பெட்டியில் ஐஸ்மேல் உப்பு விழுந்தால் என்ன ஆகும் என்று உன் அம்மாவிடம் கேள். சூடு ஏறாமலே ஐஸ் கரையும். பாறைக்கு அந்த உப்பு, தண்ணீர். இப்படித்தான் அந்தமானில் பாரன் தீவு எரிமலை உண்டானது. நூறு ஆண்டுக்கும் மேல் உறங்கி 1991-இல் விழித்தது. இன்று இந்தியாவில் உயிரோடு இருக்கும் ஒரே எரிமலை அது. நம்மைக் கொன்ற அலையும் அந்தத் தீயும் ஒரே பள்ளத்தின் பிள்ளைகள்.

பிச்சாவரத்துச் சுரபுன்னைக் காடு நம்மைக் காப்பாற்றியது என்று எழுதியிருப்பதை நான் தொடவில்லை. ஆனால் பாதிதான் சொல்லியிருக்கிறாய். பரங்கிப்பேட்டைக் கடல்வாழ் உயிரியல் மையத்துக்காரர்கள் இந்தக் கரையின் பதினெட்டுக் குப்பங்களைப் பார்த்து, காடு இருந்த இடத்தில் சேதம் குறைவு என்றார்கள். கடலூர் மாவட்டத்தின் செயற்கைக்கோள் படங்களை வைத்து 2005-இல் 'சயின்ஸ்' இதழில் வந்த ஆய்வும் மரங்கள் காத்தன என்றது. ஆனால் அந்தப் பதினெட்டுக் குப்பக் கணக்கை மறுபடி போட்டுப் பார்த்த வேறு சிலர், குப்பம் எவ்வளவு உயரத்தில், கடலிலிருந்து எவ்வளவு தூரத்தில் இருந்தது என்பதே பெரும்பகுதியைத் தீர்மானித்தது என்றார்கள். என் மனதில் பட்டதைச் சொல்கிறேன்: அலையாத்திக் காட்டை உயிரைக் கொடுத்துக் காப்பாற்று. ஆனால் காடு இருக்கிறது என்ற நம்பிக்கையில் கரையில் நின்றுவிடாதே.

கடைசியாக, செல்போனில் வரும் சேதிகள். "இந்தத் தேதியில் நிலநடுக்கம், சுனாமி" என்று யாராவது அனுப்பினால் அது பொய். எந்த நாள் எந்த இடம் என்று நிலநடுக்கத்தை முன்கூட்டிச் சொல்ல உலகில் எவராலும் இன்று முடியாது. நடுங்கிய பிறகு அலை எப்போது வரும் என்று மட்டும் கணக்குப் போட்டுச் சொல்ல முடியும். அதைச் சொல்பவர்கள் ஐதராபாத்திலும் மாவட்ட ஆட்சியர் அலுவலகத்திலும் இருக்கிறார்கள். அந்தச் செய்தியை மட்டும் நம்பச் சொல். முதல் அலை போனதும் வீட்டைப் பார்க்கத் திரும்பக் கூடாது, பின்னால் வருவது இன்னும் பெரிதாக இருக்கலாம் என்பதையும் இதோடு சேர்.

26-ஆம் தேதி எல்லோரும் கடலில் பாலும் பூவும் விட்டு வந்த பிறகுதான் நீ பேசப் போகிறாய். பெரியவர்கள் அழுதுகொண்டிருப்பார்கள். அழட்டும், நடுவில் நிறுத்தாதே. உன் கண்ணெல்லாம் முன்னால் மணலில் உட்கார்ந்திருக்கும் சின்னப் பிள்ளைகள் மேல் இருக்கட்டும். அவர்கள் யாரும் அன்று பிறந்திருக்கவில்லை. பேசி முடித்ததும் அவர்களைக் கூட்டிக்கொண்டு, கரையிலிருந்து மேட்டுக்குப் போகும் வழியில் ஒருமுறை நடந்து போ. இடுப்பில் குழந்தை வைத்திருக்கும் பெண்ணும், கோல் ஊன்றும் கிழவியும் கூட வரட்டும். எத்தனை நிமிடம் ஆகிறது என்று பார்த்து எனக்கு எழுது.

அன்புடன்,
உன் அம்மாவின் டீச்சர்